கோழிக் கூளத்தை மக்க வைப்பது: என்ன தெரிந்தால் என்ன செய்வது

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறோம். கொட்டகையில் விரிப்பது உமி. இந்தப் பக்கம் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை, அதனால் எங்களைப் போலப் பெரும்பாலானவர்கள் உமிதான் போடுகிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அள்ளினால் எச்சமும் உமியும் கலந்த கூளம் எட்டு, பத்துச் சாக்கு வரும். அதை மக்க வைக்கும்போது வந்த கோளாறுகளையும், அவை எதனால் வருகின்றன என்பதையும், சரிசெய்யும் வழியையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் குவியலில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்தியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

நம் கை மாட்டுச் சாணக் குப்பைக்குப் பழகிய கை. சாணத்தையும் வைக்கோலையும் குழியில் கொட்டி ஒரு வருடம் மறந்துவிட்டாலும் அது எருவாகிவிடும். கோழிக் கூளத்தை அப்படி விட முடியாது. தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம், கோழி எருவில் சுமார் 3 சதவீதம். எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். ஈரம் பட்டதும் அது அம்மோனியாவாக மாறிக் காற்றில் போகும். அதைப் பிடித்து நிறுத்த நுண்ணுயிர்களுக்குக் கரிச்சத்து வேண்டும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து இருந்தால் குவியல் ஒழுங்காக வேலை செய்யும்.

இங்கேதான் உமி நம்மை ஏமாற்றுகிறது. கூளத்தைப் பார்த்தால் முக்கால்வாசி உமியாகத் தெரியும், 'காய்ந்த பொருள்தான் நிறைய இருக்கிறதே' என்று தோன்றும். ஆனால் உமியை எரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அந்தச் சிலிக்காவும், லிக்னின் என்ற மரத்தன்மையான பொருளும் உமியைக் கவசம் மாதிரி மூடியிருக்கின்றன. நுண்ணுயிர்கள் அதன் கரிச்சத்தைத் தொட மாதக்கணக்கில் ஆகும், எச்சமோ சில நாட்களில் அழுகிவிடும். ஆகவே கலவை போடும்போது உமியைக் கரிச்சத்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு சாந்துச்சட்டி உமிக் கூளத்துக்கு ஒரு சட்டி நறுக்கிய வைக்கோலோ, காய்ந்த இலையோ, கரும்புச் சோகையோ தனியாகச் சேர வேண்டும். கோழிகள் இரவில் அடையும் கம்புக்கு அடியில் அள்ளியது என்றால் அதில் எச்சம் கெட்டியாக இருக்கும், இரண்டு சட்டி சேருங்கள். கீழே சொல்லும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகின்றன.

மூக்கில் ஏறுகிறது, கண் எரிகிறது

இது அம்மோனியா. குவியல் போட்ட இரண்டாம் நாளே தெரியும். விடியற்காலையில் காற்று அசையாமல் நிற்கும்போது இன்னும் அதிகம்.

முதல் தடவை எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "தம்பி, ராத்திரி சன்னலைத் திறக்க முடியலப்பா, பிள்ளைக்கு இருமல் நிக்க மாட்டேங்குது" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. உடனே அடுப்புச் சாம்பலையும் ஒரு பை சுண்ணாம்பையும் குவியல் மேல் தூவினேன். நாற்றம் அடங்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அன்று இரவு இரண்டு மடங்காக வீசியது. காரணம் பிறகுதான் புரிந்தது. சாம்பலும் சுண்ணாம்பும் காரத்தன்மை உள்ளவை. காரம் ஏற ஏற அம்மோனியா கரைசலில் தங்காமல் ஆவியாகக் கிளம்பும். நாற்றத்தோடு போவது நாம் செடிக்கு என்று சேர்த்துவைத்த தழைச்சத்துதான். ஆகவே மக்கும் குவியலில் சாம்பலும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். கொட்டகைத் தரையில் சுண்ணாம்பு தூவும் பழக்கம் இருந்தால், தூவிய உடனே கூளத்தை அள்ளிக் குவிக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இது. குவியலைப் பிரித்து, சீக்கிரம் மக்கும் காய்ந்த பொருளைக் கலந்து மறுபடி அடுக்குங்கள். விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் முதல் தரம். அலங்காநல்லூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கரும்புச் சோகை கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். வேப்பஞ்சருகு, புங்கஞ்சருகு, கிழித்து நனைத்த அட்டைப்பெட்டி, செய்தித்தாள் எல்லாம் ஆகும். மரத்தூள் போடலாம், ஆனால் அதுவும் மெதுவாகத்தான் மக்கும், ப்ளைவுட் அறுத்த தூள் கூடவே கூடாது. கலந்து அடுக்கிய பிறகு மேலே மூன்று விரற்கடை கனத்துக்குத் தேங்காய் நார்த்தூளோ, பழைய மக்கு உரமோ, தோட்டத்து மண்ணோ போர்த்துங்கள். நார்த்தூள் லேசான அமிலத்தன்மை உள்ளது, மேலே வரும் அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அன்று சாயங்காலமே வித்தியாசம் தெரியும். சூப்பர் பாஸ்பேட் கைவசம் இருந்தால் அடுக்குக்கு ஒரு கைப்பிடி தூவலாம், அதுவும் அம்மோனியாவைக் கட்டும். வைக்கோல் இல்லாமல் அதை மட்டும் நம்பிப் பயனில்லை.

கூளத்தைக் கிளறும்போது மூக்கு, வாயை ஈரத்துண்டால் கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த கோழித்தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது.

முட்டை அழுகிய வாடை, அடியில் கருப்பாக ஒழுகுகிறது

இது வேறு நோய். ஈரம் அதிகமாகிக் காற்று போக வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் பெரும்பாலும் வரும். நம் பக்கம் வருடத்து மழையில் பெரிய பங்கு அந்த மாதங்களில் கொட்டிவிடுகிறது. வெயில் காலத்தில் ஈரம் காத்த அதே குழி அப்போது தொட்டியாகிவிடும். அதனால் என் யோசனை: சித்திரையில் முழங்கால் ஆழக் குழி, ஆடிக்குப் பிறகு மேட்டில் குவியல்.

ஏற்கெனவே நனைந்துவிட்டதா? மழை விட்டதும் பிரித்துப் பரப்பி அரைநாள் ஆறவிடுங்கள். அடியில் தென்னை மட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு அடுக்குப் போட்டு, அதன்மேல் காய்ந்த சோகை கலந்து அடுக்குங்கள். சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டுங்கள். மேலே தார்ப்பாயை இறுக்கி மூடினால் மூச்சு முட்டும். கூரை மாதிரிச் சரிவாகக் கிடுகு வேயுங்கள், அல்லது தார்ப்பாயைக் கம்பு நட்டு ஓர் அடி உயரத்தில் கட்டுங்கள். ஒழுகிய கருப்புத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. கிணறு, ஆழ்துளைக் குழாய் இருக்கும் இடத்திலிருந்து ஐம்பது அடியாவது தள்ளிப் போடுங்கள்.

பத்து நாளாகியும் சூடே ஏறவில்லை

இதற்கு ஒரு கம்பி போதும். கட்டட வேலையில் மிஞ்சிய நாலடி முறுக்குக் கம்பியைக் குவியலின் நடுவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து இழுத்து, உள்ளே இருந்த முனையைப் பிடியுங்கள். பிடித்த பிடியில் வைத்திருக்க முடியாமல் கை தானாக விடுகிறது என்றால் 55, 60 டிகிரிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இளஞ்சூடாக இருந்தால் வேலை நடக்கவில்லை.

மதுரை வெயிலில் முதல் காரணம் தண்ணீர்தான். காய்ந்த உமிக் கூளத்தின் மேல் குழாயைப் பிடித்தால் உமி குடிக்காது. தண்ணீர் ஓரமாக வழிந்து மண்ணுக்குப் போய்விடும். மேலே நனைந்திருக்கும், உள்ளே கைவிட்டால் தவிடு மாதிரிப் பறக்கும். நான் வைத்திருக்கும் கணக்கு: ஒரு சாக்குக் கூளத்துக்கு ஒரு குடம் தண்ணீர், அதோடு சேரும் வைக்கோலுக்குத் தனியாக அரைக் குடத்திலிருந்து ஒரு குடம். வைக்கோலை முந்தின நாளே ஊறவைத்துவிடுங்கள். பிறகு ஒரு அடுக்குக் கூளம், ஒரு அடுக்கு வைக்கோல் என்று போட்டு, ஒவ்வொரு அடுக்கிலும் பூவாளியால் தெளியுங்கள். போதுமா என்று பார்க்க நடுவிலிருந்து ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு நின்றால் சரி. ஓடினால் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் போதாது.

இரண்டாவது காரணம் அளவு. மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி உயரத்துக்குக் குறைந்த குவியல் தன் சூட்டைத் தானே தக்கவைக்காது. நாலைந்து கோழி மட்டும் வைத்திருப்பவர்கள் கூளத்தைச் சாக்கில் கட்டி மழை படாத இடத்தில் சேர்த்துவைத்து, மூன்று அடிக்கு ஆனதும் மொத்தமாகப் போடுங்கள். காய்ந்த கூளம் கெடாது. வாரம் ஒரு கூடையாகக் கொட்டிக்கொண்டே போனால் எந்தக் காலத்திலும் சூடாகாது.

அப்புறம் ஆடிக் காற்று. கூரையைப் பிரிக்கிற காற்று குவியலின் ஈரத்தை விட்டுவைக்குமா? மேற்குப் பக்கம் சுவரோ, சோகைக் கட்டோ அணைவாக இருக்கட்டும். வேப்பமர நிழல் கிடைத்தால் அங்கேயே போடுங்கள்.

சூடு ஏறியது, ஆனால் பிரித்துப் பார்த்தால் நடுவில் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக, தொட்டால் பொடியாகிறது. இதைப் பூஞ்சணம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது ஆக்டினோமைசீட்ஸ், மக்க வைக்கும் நல்ல உயிர்தான். ஆனால் அந்த இடம் வறண்டுவிட்டது என்பதற்கும் அதுவே அடையாளம். தண்ணீர் தெளித்துக் கிளறிவிடுங்கள். கம்பி கொதிக்கிற மாதிரி இருந்தால் குவியல் உயரத்தைக் குறையுங்கள். 70 டிகிரியைத் தாண்டினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே செத்துவிடும்.

கிளறுவதைப் பற்றி ஒன்று. நோய்க்கிருமியும் களை விதையும் சாக, 55 டிகிரிச் சூடு மூன்று நாளாவது நிற்க வேண்டும். ஆனால் அந்தச் சூடு நடுவில் மட்டும்தான் இருக்கும். அதனால் முதல் பதினைந்து, இருபது நாளில் ஐந்து தடவையாவது ஓரத்தில் இருப்பது நடுவுக்கும் நடுவில் இருப்பது ஓரத்துக்கும் போகும்படி மாற்றி அடுக்குங்கள். சும்மா மேலாகக் கிண்டிவிடுவது இதற்கு ஈடாகாது. இடுப்பு வலிக்கிற வேலைதான், ஆனால் இந்த உழைப்பில் குறைத்தால் பின்னால் கீரையில் கிருமி வரும்.

ஈ மொய்க்கிறது, மேலே புழு நெளிகிறது

ஈரமான எச்சம் வெளியே தெரிகிற இடத்தில்தான் ஈ முட்டையிடும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே நாலைந்து நாளுக்கு ஒருமுறை மேல்பரப்பை நடுவுக்குள் தள்ளுங்கள். அந்தச் சூட்டில் புழு பிழைக்காது. பிறகு காய்ந்த இலையோ பழைய எருவோ போர்த்திவிடுங்கள். பூச்சிமருந்து அடிக்காதீர்கள், அது உரத்திலும் தங்கும், புழுவைக் கொத்தும் கோழிக்குள்ளும் போகும். ஈ தொடர்ந்து வந்தால் குவியலை விட்டுவிட்டுக் கொட்டகையைப் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர்க் கிண்ணம் ஒழுகி ஒரு மூலை சொதசொதவென்று கிடக்கும்.

குண்டுப் புழுக்கள் இருக்கின்றன

இதில் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றைக் கொன்றே ஆக வேண்டும், மற்ற இரண்டும் உதவிக்கு வந்தவை.

தட்டையாக, பழுப்பு நிறத்தில், வளையம் வளையமாக, மேல்பக்கத்தில் கும்பலாக நெளிந்தால் கருப்புப் படை ஈயின் புழு. எச்சத்தை வேகமாகத் தின்று தீர்க்கும். இந்த ஈ வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்காராது. விட்டுவிடலாம்.

வெள்ளையாக, சுருண்டு, பழுப்புத் தலையோடு இருந்தால் ஒன்றை எடுத்துச் சமதரையில் விடுங்கள். மல்லாந்து முதுகாலேயே நகர்ந்து போனால் அது பூவண்டு இனத்தின் புழு. மக்கியதைத் தின்று பொடியாக்கித் தரும், தென்னைக்கு ஒன்றும் செய்யாது.

கட்டைவிரல் தடிமனுக்கு வளர்ந்து, அரைவட்டமாக வளைந்து, தரையில் விட்டாலும் சுருண்டு பக்கவாட்டில் கிடந்தால் அது காண்டாமிருக வண்டின் புழு. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. குருத்தைக் குடைந்து, விரிகிற மட்டையைக் கத்தரியால் வெட்டியது போல முக்கோணமாக ஆக்குவது இந்த வண்டுதான். அது முட்டையிடுவது மக்கிய எருவில், அதாவது நம் குவியலில். சூடு இருக்கும்வரை வராது. ஆறிய பிறகு கிடப்பில் போட்ட உரத்தில்தான் வரும். புழுப் பருவமே மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை நீளும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குவியலைப் பிரித்துப் பொறுக்கினாலே ஒன்றுகூட வண்டாக வெளியேறாது. பொறுக்கியதைக் கோழிக்குப் போடுங்கள், சண்டை போட்டுத் தின்னும். தோப்பு அருகில் இருந்து எருவும் நிறைய இருந்தால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் கலக்கலாம். அது புழுவுக்கு நோய் கொடுத்துக் கொல்லும். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

கையுறை போட்டாலும் குவியலில் நேராகக் கைவிடாதீர்கள். முதலில் ஒரு கம்பால் நாலு தட்டுத் தட்டுங்கள். சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

கரையான் ஏறுகிறது

வறண்டுவிட்டது என்று பொருள், நனையுங்கள். கரையானை வீணாக்க வேண்டாம். எங்கள் அப்பத்தா காலத்தில் பானைக்குள் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கவிழ்த்து வைத்துக் கரையான் பிடித்துத்தான் குஞ்சுகளுக்குப் போடுவார்கள்.

கம்பும் சோளமும் முளைக்கின்றன

சிந்திய தீவனம். முளை ஓரத்தில் மட்டும் இருந்தால் அந்தப் பகுதி நடுவுக்குப் போகவில்லை என்று காட்டுகிறது. பிடுங்கி உள்ளே போட்டுக் கிளறுங்கள். கோரைக் கிழங்கை மட்டும் எந்தக் குவியலிலும் போடாதீர்கள்.

விட்ட மண்புழு ஓரத்துக்கு ஓடுகிறது, சாகிறது

சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். அம்மோனியாவும் சூடும் அடங்கிய பிறகுதான் மண்புழு. கம்பியில் சூடு தெரியாமல் இரண்டு வாரம் போகட்டும்.

கோழிகளுக்கு நோய் வந்திருந்தது, அந்தக் கூளத்தை என்ன செய்வது

இரத்தக் கழிச்சல் என்றால் சூடான குவியல்தான் மருந்து. அந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது, 55 டிகிரிக்கு மேல் சாகும். ஐந்து தடவை மாற்றி அடுக்குவதில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். அதுவரை வலை கட்டிக் கோழிகளைத் தள்ளி வையுங்கள்.

வெள்ளைக் கழிச்சலில் கோழிகள் அடுத்தடுத்துச் செத்திருந்தால், முதலில் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். செத்ததைக் குவியலில் போடாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சுண்ணாம்புக்கு உரிய இடம் அதுதான். கூளத்தைச் சாக்கில் கட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள். காலணியிலும் சாக்கிலும் ஒட்டிக்கொண்டுதான் அந்த நோய் அடுத்த தெருவுக்குப் போகிறது. கூளத்தை அங்கேயே நனைத்து, மூடி, சூடேற விடுங்கள்.

மூன்று மாதமாகிவிட்டது, உமி அப்படியே இருக்கிறது

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். சிலர் மக்கவில்லை என்று நினைத்து மறுபடி சாணம் கரைத்து ஊற்றுகிறார்கள். உமியைப் பார்க்காதீர்கள், உமிக்கு நடுவில் இருப்பதைப் பாருங்கள். அது கறுத்து, உதிரியாகி, முதல் மழைக்கு மண் மணக்குமே, அந்த வாசனை வந்தால் உரம் தயார். உமியும் பொன்னிறம் போய்ப் பழுப்பாகி, விரலால் கசக்கினால் உடையும். சலித்து எறிய வேண்டாம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மாதிரி இறுகிப் பிளக்கிற மண்ணில் அந்த அரைகுறை உமிதான் காற்றுக்கு வழிவிடும். நாற்றங்கால் தட்டுக்கு மட்டும் சலித்துக்கொள்ளலாம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமா? ஈரமான உரத்தை ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டி மூன்று நாள் நிழலில் வைத்துத் திறந்து முகருங்கள். சுள்ளென்று ஏறினால் இன்னும் ஒரு மாதம் விடுங்கள். அதிலும் தேறினால் ஒரு தொட்டியில் பாதி மண், பாதி உரம், இன்னொன்றில் வெறும் மண் போட்டு இரண்டிலும் இருபது வெந்தயம் விதையுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி முளைத்து ஒரே உயரம் வந்தால் பயமில்லை.

உரம் போட்ட செடி கருகுகிறது

இலை ஓரம் காய்ந்து உள்நோக்கிப் போகும். சரியாக மக்காத உரம், அல்லது அளவு கூடிவிட்டது. செடியைச் சுற்றிப் போட்டதைச் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு, மூன்று நாள் நிறையத் தண்ணீர் விடுங்கள். ஆழ்துளைத் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இந்தக் கருகல் சீக்கிரம் வரும், கோழி எருவிலும் உப்பு உண்டு. தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போதும். கீரை, தக்காளி போல மண்ணில் படுகிற பச்சைக் காய்களுக்குப் புதுக் கூளத்தை நேராகப் போடவே வேண்டாம். அப்படிப் போட்டுவிட்டிருந்தால் நாலு மாதம் கழித்துத்தான் அறுக்க வேண்டும்.

மல்லிகைக் கொழுந்து வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது

மல்லிக்குக் கார்த்திகைக் கவாத்து முடிந்ததும் செடிக்கு ஒரு கிலோ மக்கிய கோழி உரத்தை, தூரிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாக வைத்து மண் மூடுவது எங்கள் வழக்கம். அதைக் கண்டு பூ கூடியதும் அடுத்த வருடம் மூன்று, நாலு கிலோ போடுகிறவர்களுக்குத்தான் இந்த வெளுப்பு வரும். இது தழைச்சத்துக் குறை இல்லை. அப்படியானால் முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும். கொழுந்து வெளுப்பது இரும்புச் சத்துக் கிடைக்காததால். முட்டைக்கோழித் தீவனத்தின் சுண்ணாம்புச் சத்து எச்சத்தோடு உரத்தில் வரும். ஏற்கெனவே களராக இருக்கும் மண்ணில் அது சேரச் சேர, இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாதம் ஒருமுறை இலையில் தெளியுங்கள், கொழுந்து பச்சையாகும்வரை. அந்தச் செடிகளுக்கு அந்த ஆண்டு கோழி உரத்தை நிறுத்திவிட்டுத் தொழு உரம் போடுங்கள்.